அறுபது நாள்ல வர வேண்டிய துப்பாக்கி

ஏனுங் தம்பி, டோக்கன் எத்தனைல போகுதுங்க? முப்பத்தொண்ணா? போச்சு போங்க. என்றது நாப்பத்தாறு. உங்களுது? நாப்பத்தேழா. சரி, எனக்கு அடுத்தாப்பல நீங்கதான். நான் எட்டரைக்கே வந்துட்டனுங்க. வாட்ச்மேன் கேட்டைத் தொறக்கறதுக்கு முந்தியே நின்னேன். எனக்கு முன்னால நாப்பத்தஞ்சு டோக்கன் எப்படிப் போச்சுன்னு நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. கேட்டா மத்த செக்‌ஷனுக்கும் இதே டோக்கன்தாங்கறாங்க. நம்பறதுன்னா நம்பிக்க வேண்டியதுதான்.

தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு எந்த ஊருங்க? அட, அக்கட்டாலயா. எங்க பக்கம் ஒறம்பரை, சொந்தபந்தம் யாராச்சும் இருக்காங்களா? மருதாசலம்னு யாரையாச்சும் தெரியுமா? உசரமா, ஒல்லியா, எப்பப் பாத்தாலும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டே பேசுவான். தெரியாதா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. சரி, தெரியாட்டிப் போகுது. தெரியாததே நல்லது.

இந்தப் பையை மட்டும் இந்தப் பக்கம் வெச்சுக்கறேன். உங்களைச் சந்தேகப்பட்டு இல்லீங்க, பழக்கம். கருப்புக் கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கானே, என்ன ஆளோன்னு பாக்காதீங்க. கண்ணுல பொரை எடுத்து எட்டு நாளாச்சு. சொட்டு மருந்து போட்டா பொழுதுக்கும் மங்கலாத்தான் தெரியுது. ஆளு தெரியுது, எழுத்து தெரிய மாட்டேங்குது.

வெடிக்கடை லைசென்ஸுக்கா வந்தீங்க? தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குதே, வந்துரும். உங்களுக்கெல்லாம் வந்துரும். இந்த செக்‌ஷன்தானுங்க எல்லாத்துக்கும். வெடிக்கிறது, படம் காட்டறது, சுடறது எல்லாம் ஒரே ஜன்னல். நான் சுடறதுக்கு வந்தவன். பயந்துக்காதீங்க. பிஸ்டல் லைசென்ஸு. ரெண்டு வருசம் நாலு மாசமா நடக்கறனுங்க. அறுபது நாள்ல குடுக்கறதா இல்லையான்னு சொல்லிப் போடோணும்னு சட்டம் இருக்குதாம். எங்க வக்கீல் சொன்னாரு. அறுபது நாளுங்க. எண்ணிப் பாத்தா எனக்கு இது எண்ணூத்தி அம்பத்திமூணாவது நாளு.

எதுக்கு உங்களுக்குப் பிஸ்டலுன்னு கேப்பீங்க. எல்லாருந்தான் கேக்கறாங்க. மூணு வருசத்துக்கு முந்தி எங்களுக்கு நாலு மைல் தள்ளி ஒரு தோட்டத்து ஊட்டுல, வயசான புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் அடிச்சே கொன்னுபோட்டு, காதுல கழுத்துல இருந்ததைக் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. அந்தப் பெரியவரு எனக்குப் பழக்கம். சந்தையில பாத்தா நின்னு பேசுவாரு. அந்தம்மா எங்கூட்டுக்காரிக்கு வடகம் குடுத்தனுப்பும். நாங்களும் அப்படித்தானுங்க. மெயின் ரோட்டுல இருந்து அரை மைல் உள்ள. சுத்தியும் தென்னந்தோப்பு. பையன் கனடாவுல, புள்ளை பெங்களூர்ல. நானும் பூவாத்தாளும் மட்டுந்தான். கத்துனா யாருக்குக் கேக்கும்? சொல்லுங்க, யாருக்குக் கேக்கும்?

அந்தச் சாவுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டனுங்க. கைல ஒண்ணு இருந்தாத்தான் ஆகும்னு. என்ற சகலை ஊடு பக்கத்து ஜில்லா. அவரும் நானும் ஒரே வாரத்துல மனுப் போட்டோம். அவருக்கு நாலே மாசம். நாலே மாசத்துல கைல வந்துருச்சு. அதே கெவருமெண்டு, அதே சட்டம், அதே மனுப் பாரம். அவருக்கு நாலு மாசம், எனக்கு எண்ணூத்தி அம்பத்திமூணு நாளு. அப்ப நடுவுல ஒருத்தன் கையை வெச்சிருக்கான்னுதானுங்க அர்த்தம்?

யாருன்னு எனக்குத் தெரியும். அதுக்கு வர்றேன்.

மொதல்ல இங்க இருந்த ஒரு கிளார்க்கு பண்ணுன கூத்தைக் கேளுங்க. பாரத்துல வெலாசம் எழுதோணுமல்ல? "நல்லிமங்காட்டுத் தோட்டம்"னு எழுதியிருந்தேன். தோட்டம்னு பாத்ததும் அந்தாளு, பயிரைக் காப்பாத்தறதுக்கு நாட்டுத்துப்பாக்கி கேக்கறான்னு நெனச்சு, பைலைத் தூக்கி பாரஸ்ட்டுக்கு அனுப்பிச்சுட்டான். அஞ்சு மாசங்க. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு ரேஞ்சர் ஜீப்புல வந்து எறங்கறாரு. "உங்க தோட்டத்துல பன்னி எத்தனை வருது?"ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பன்னியா, எங்க தோட்டத்துல பன்னியெல்லாம் வராதுங்கன்னு பெருமையாச் சொன்னேன். காலடி இருக்குதான்னு தோப்பெல்லாம் சுத்திப் பாத்தாரு. எளநி ரெண்டு குடிச்சாரு. போயி, "மனுதாரர் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை இல்லை, துப்பாக்கி தேவையில்லை"ன்னு எழுதிப் போட்டாரு. இதைத் தெரியாம நடந்த தப்புன்னு சொல்றாங்க. நான் நம்பறதில்லீங்க. அத்தனை பேரு வெலாசத்துலயும் தோட்டம்னுதானே இருக்குது? என்றது மட்டும் எப்படிப் பன்னிக்குப் போச்சு?

அதைத் திருப்பி எடுத்துக்கிட்டு வர மூணு மாசம். அப்பறம் வி.ஏ.ஓ. ரிப்போர்ட்டு. அவரு மாறுதலாகிப் போயிட்டாரு. புதுசா வந்தவருக்கு மூணு கிராமம் கூடுதல் பொறுப்பு. செவ்வாக்கெழமை வாங்கம்பாரு, செவ்வாக்கெழமை போனா மீட்டிங்கும்பாரு. அப்பறம் எலெக்சன். எலெக்சன் வந்தா ஏற்கெனவே துப்பாக்கி வெச்சிருக்கறவங்களே கொண்டுபோயி ஸ்டேசன்ல ஒப்படைக்கோணுமுங்க, தெரியுமல்ல? அப்ப புதுசா எவன் குடுப்பான்? எங்க சகலை அந்த மூணு மாசமும் பிஸ்டலை ஸ்டேசன்ல குடுத்துட்டு, துணியைப் பறிகொடுத்தவராட்டத் திரிஞ்சாரு. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசந்தான், பொய் சொல்லுவானேன்.

டாக்டர் சர்ட்டிபிகேட்டு வேற. உடம்புக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு. மனசு டாக்டர் சின்ன வயசு. "ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா?"ன்னாரு. தூங்குனா எதுக்கு டாக்டரே பிஸ்டல் கேக்கறேன்னேன். எழுதிக்கிட்டாரு. என்ன எழுதுனாருன்னு காட்ட மாட்டேனுட்டாரு. ஆனா சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாரு. கோயமுத்தூர்ல சுடறதுக்குப் பழக்கம் குடுக்கற கிளப்பு இருக்குது. அங்கயும் போயி மூணு நாள் பழகிட்டு வந்தேன். வாத்தியாரு ஒரு ரிடையர் ஆன மிலிட்டரிக்காரரு. "அய்யா, உங்க கை நடுங்கறதே இல்லீங்க. ஆனா நான் சொல்றதுக்கு முந்தியே சுட்டர்றீங்க"ன்னாரு. இந்த வயசுலயும் அத்தனை வெசை. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

இந்த மேரியம்மா இருக்குதுல்ல, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்டுட்டு? சகாயமேரி. நல்ல பொம்பளதான். ஆனா என்ன சொல்லுது தெரியுங்களா? நான் மாசத்துக்கு ஒரு மனு, திங்கக்கெழமை குறைதீர்க்கற நாள்ல தவறாமப் போடுவேன். கலெக்டருக்கு, எஸ்.பி.க்கு, மெட்ராசுக்கு. என் பைல் ஏன் நகரல, எவன் தடுக்கறான், விசாரிங்கன்னு. இதுவரைக்கும் இருபத்தாறு மனு. அதுக்கு இந்தம்மா, "அய்யா, நீங்க ஒரு மனு போட்டா அதுக்குப் பதில் எழுதோணும். பதில் எழுத உங்க பைலைத்தான் எடுத்துட்டு மாடிக்குப் போறாங்க. அது கீழ வர ஒரு மாசம் ஆகுது. அதுக்குள்ள அடுத்த மனுவை நீங்க கொண்டாந்தர்றீங்க"ங்குது. நல்ல கதையா இருக்குதல்ல? கேக்கறவன் கேனையனா இருந்தா என்ன வேணாலும் சொல்லுவாங்க. அன்னிக்கே அந்தம்மா மேலயும் ஒரு மனு எழுதுனேன். போடல. பையில இருக்குது.

மருதாசலத்துக்கு வர்றேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன். முப்பது வருசம் ஒண்ணா மண்ணாப் பழகுனவன். என்ற புள்ளை கல்யாணத்துக்குப் பந்தல்ல நின்னு அவன்தான் பரிமாறுனான். அந்தச் சாவுக்கு அப்பறம் நான் நல்லா உன்னிச்சுப் பாக்க ஆரம்பிச்சனுங்க. உன்னிச்சுப் பாத்தாத்தான் தெரியுது, ஒருத்தன் எத்தனை தடவை நம்ம ஊட்டைத் திரும்பிப் பாக்கறான்னு. தெனம் பொழுதோட தோப்புக்கு வந்து வேலியோரம் நின்னு எங்கூட்டு லைட்டைப் பாப்பான். லைட்டு எரிஞ்சா அப்படியே போயிருவான். என்னத்துக்குப் பாக்கறான்? நேராக் கேட்டேன். "சும்மாதான் சென்னியப்பா, இருக்கீங்களான்னு பாத்தேன்"ங்கறான். இருக்கமான்னு இவன் எதுக்குப் பாக்கோணும்? இல்லாட்டி என்ன பண்ணுவான்? அடுத்த வாரமே ரெண்டு தோட்டத்துக்கும் நடுவால இருந்த பொதுத்தடத்தை முள்ளுக்கம்பி போட்டு அடைச்சுட்டேன். அந்தக் கோவந்தான் அவனுக்கு. எங்க நாயி செத்துச்சு. வெசம்தான். பதினாலு வயசு நாயின்னாலும் ஒரு சத்தமில்லாமச் சாகுமா?

தேங்காய் போடற ரங்கனையும் நிறுத்திட்டேன். பாஞ்சு வருசமா வந்தவன். "மெட்ராஸ்ல கல்யாணம்னீங்களே, எப்ப கெளம்பறீங்க?"ன்னு கேட்டான். நாங்க எப்பக் கெளம்புனா அவனுக்கு என்ன? தோட்டத்துலயே குடியிருந்த குடும்பம் ஒண்ணு இருந்துச்சு. அந்தப் பொம்பள புதுசா ஒரு செல்போன் வாங்குச்சு. எங்கிருந்து வந்துச்சு அது? கணக்குப் பாத்து அனுப்பிச்சுட்டேன். பால்காரன் இப்ப கேட்டு வரைக்குந்தான். கேமரா ஆறு போட்டிருக்கேன். இத்தனையும் பண்ணிட்டு, இப்ப கத்துனா ஒருத்தனுக்கும் கேக்காதுங்க. அதனாலதான் பிஸ்டல் வேணும்ங்கறேன். புரியுதல்ல உங்களுக்கு?

என்னமோ சொல்ல வந்தீங்க. இல்லயா? சரி.

பூவாத்தா கெட்டிக்காரிங்க. நாப்பத்தொரு வருசத்துல எம் பேச்சுக்கு எதுத்துப் பேசுனதில்ல. ரங்கனை அனுப்பிச்சப்ப ரெண்டு நாள் சரியாச் சாப்படல, அவ்வளவுதான். எல்லாத்துலயும் எனக்கு ஒரே தைரியம் அவதான். யாரை வேணாலும் சந்தேகப்படுவேன், அவளைப் படமாட்டேன். சாமி மேல ஆணையா.

அவளுக்கும் எனக்கு எத்தனை வெசைன்னு நல்லாத் தெரியும். போன வருசம் ஆடி மாசம் காத்துக்குக் கம்பி அறுந்து, பொழுதோட ஏழு மணிக்கு லைட்டு போயிருச்சு. கும்முனு இருட்டு. நான் நடை ஊட்டுல உக்காந்திருக்கேன். பக்கத்துல தடி. எப்பவும் இருக்கும். பின்கதவு கிரீச்சுங்குது. யாரோ மெதுவா, சுவத்தைப் புடிச்சுக்கிட்டே வர்ற சத்தம். யாருன்னு கேட்டா அவன் உஷாராயிருவான்ல? கேக்கலயே! எந்திரிச்சேன், வீசுனேன், ஒரே அடி. பாத்தா இவ. புறக்கடையில இருந்து தீப்பெட்டி தேடிக்கிட்டு வந்திருக்கா. வலது மணிக்கட்டு. மாவுக்கட்டு ஒண்ணரை மாசம். வேற எவனாச்சும் உசரமானவனா இருந்திருந்தா மண்டையில விழுந்திருக்கும், அன்னிக்கோட சோலி முடிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரியில பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன்னு அவளே சொல்லிட்டா. அவ்வளவு வெவரம்.

அப்ப இருந்து ஒரு புதுப் பழக்கம் வந்திருக்குது அவளுக்கு. வயசாகுதல்ல. ஊட்டுக்குள்ள எங்க போனாலும் "நாந்தானுங்க, நாந்தானுங்க"ன்னு சொல்லிக்கிட்டே வருவா. சமையக்கட்டுல இருந்து நடைக்கு வந்தாலும் நாந்தானுங்க. தண்ணி கொண்டாந்தாலும் நாந்தானுங்க. பட்டப்பகல்லயும். போன் பண்ணாக்கூட எடுத்ததும் நாந்தானுங்கதான். எதுக்கு இந்தச் சத்தம்னு ஒருநாள் கேட்டேன். பூச்சி பொட்டு ஓடிப்போகுமுங்கன்னா. அதுவும் சரிதான், தோட்டத்துல பாம்பு இருக்குது.

நான் எங்க விட்டேன்? ஆங், போலீஸ் ரிப்போர்ட்டு. அதுதானுங்க கடைசி. ஒருவழியா போன கார்த்திகையில எங்க ஸ்டேசன்ல இருந்து ஏட்டு வந்தாரு. செல்லத்துரைன்னு பேரு. பாரம் ஒண்ணு வெச்சிருக்காரு. ஊட்டுக்காரங்ககிட்டக் கேக்கோணும், அக்கம்பக்கத்துல ரெண்டு பேருகிட்டக் கேக்கோணும், கையெழுத்து வாங்கோணும். அக்கம்பக்கம்னா யாரு இருக்கா? மருதாசலந்தான் இருக்கான். அவன்கிட்டக் கேக்காதீங்க, அவன் ஆகாதவன்னு சொன்னேன். ஏட்டு சிரிச்சாரு. "அய்யா, ஆகாதவங்ககிட்டயும் கேக்கறதுதானுங்க விசாரணை"ன்னாரு. அப்பறம் பீரோவைப் பாத்தாரு, கேமராவைப் பாத்தாரு. தாகமா இருக்குதுன்னு புறக்கடைப்பக்கம் போனாரு. பூவாத்தா அங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா. பத்து நிமிசம் ஆச்சு. என்ன கேட்டாருன்னு கேட்டேன். "மோர் கேட்டாருங்க, குடுத்தேன்"னா. பத்து நிமிசமா மோர் குடிச்சானான்னு எனக்கு ஏட்டு மேலதான் சந்தேகம். அவனும் மருதாசலத்துக்கு வேண்டியவனோ என்னமோன்னு.

நெனச்ச மாதிரியே ஆச்சு. நாலு மாசம் கழிச்சு லெட்டர் வருது. "காவல்துறை பரிந்துரைக்காததால் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது." ஒரே ஒரு வரி. எவன் என்ன சொன்னான்னு கெடையாது. உடுவனா? தகவல் கேக்கற சட்டத்துல போட்டேன், விசாரணையில யாரு யாரு என்ன வாக்குமூலம் குடுத்தாங்கன்னு நகல் வேணும்னு. அதுக்கு ஒரு அஞ்சு மாசம் இழுத்தாங்க. காலைல வந்ததும் மேரியம்மா குடுத்துச்சு. இதா, இந்தக் கவர்தான். குடுக்கையில ஒரு மாதிரி பாத்துது. "அய்யா, மேல இருந்து எல்லாப் பக்கத்தையும் சேத்துக் காப்பி எடுத்துக் குடுத்துட்டாங்க. ஊட்டுக்குப் போயி நிதானமாப் படிங்க"ன்னுச்சு. ஊட்டுக்குப் போனா? ஊட்டுல எழுத்துக் கூட்டிப் படிக்க பூவாத்தாதான். மருதாசலம் எழுதுனதைப் படிச்சா அவளுக்கு மனசு கஷ்டமாப் போகும். அவன் பொண்டாட்டியும் இவளும் அத்தனை பிரியம்.

இந்தப் பையில பாருங்க. மருதாசலம் பொய் வாக்குமூலம் குடுத்தான்னு கலெக்டருக்கு மனு தயாரா டைப் அடிச்சுக் கொண்டாந்துட்டேன். நாப்பத்தாறு கூப்பிட்டா நேரா உள்ள போயி மேசையில வெச்சர்றது. இனி நகல்ல அவன் என்ன சொல்லியிருக்கான்னு தெரிஞ்சா அந்த வரியையும் பேனாவுல சேத்துப் போடலாம். தம்பி, ஒரு உதவி. நீங்க படிச்ச புள்ளை. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? காப்பி வேற மங்கலா இருக்குது. மொள்ளமாப் படிங்க, சுத்தியும் காது இருக்குது.

மொதப் பக்கம் என்னுங்க? ஊரு, பேரு, சென்னியப்பன், வயது அறுபத்தெட்டு, அதெல்லாம் உடுங்க. குற்ற வழக்கு எதுவும் இல்லை. ஆமா, இல்ல. அடுத்தது? சாட்சி ஒண்ணு, மருதாசலம். ஆங்! அதுதான். படிங்க, படிங்க.

என்னது? திருப்பிப் படிங்க.

"மனுதாரர் நல்ல மனிதர், முப்பது ஆண்டுகளாகத் தெரியும், சமீப காலமாகப் பயந்து வாழ்கிறார், தினமும் மாலையில் அவர் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் போவேன், அவருக்கு உரிமம் வழங்க எனக்கு ஆட்சேபணை இல்லை." மருதாசலமா? வேற மருதாசலமா இருக்கும், பாருங்க. தகப்பன் பேரு என்ன போட்டிருக்குது? ராயப்பனா? அவன்தான்.

இருங்க இருங்க. இதுல ஏதோ இருக்குது. இவன் எதுக்கு எனக்கு நல்லது சொல்றான்? நான் தடத்தை அடைச்சவன். இவன் இப்படிச் சொன்னா, அப்பறம் எவன்தான் தடுத்தான்? ரெண்டாவது சாட்சி யாரு? ரங்கனா? அவனையும் போயிக் கேட்டாங்களா? "அய்யா கோவக்காரர், ஆனால் கை சுத்தம், ஆட்சேபணை இல்லை." ஓ.

அப்பறம்? அவ்வளவுதானா? இன்னொரு பக்கம் இருக்குதே, பின்னால. அது என்ன? ஏனுங் நிறுத்திட்டீங்க? படிங்க தம்பி. என்னை எதுக்குப் பாக்கறீங்க? எழுத்து மங்கலா இருக்குதா? வெளிச்சத்துல திருப்பிப் புடிச்சுப் பாருங்க.

சாட்சி மூணு. "மனுதாரரின் மனைவி பூவாத்தாள்."

இருக்காது. மோர்தானே குடுத்தா? சரி, படிங்க. ஊட்டுக்காரங்ககிட்டயும் கேக்கறதுதான், பாரத்துல இருக்குது. நல்லபடியாத்தான் சொல்லியிருப்பா. படிங்க.

"என் கணவர் நல்லவர். குடிப்பழக்கம் இல்லை." பாத்தீங்களா? சொன்னனல்ல. "சென்ற ஆடி மாதம் மின்தடையின்போது நான் யார் என்று கேட்காமல் அவர் தடியால் அடித்ததில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. அன்று அவர் கையில் இருந்தது தடி."

ம். அப்பறம்?

"திருடன் வந்தால் சாவியைக் கொடுத்துவிடுவேன். திருடனுக்கு நான் பயப்படவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்குள் 'நான்தான், நான்தான்' என்று குரல் கொடுத்துக்கொண்டே நடக்கிறேன். துப்பாக்கி வந்துவிட்டால் குரல் கொடுக்கவும் எனக்கு நேரம் இருக்காது. அவருக்கு உரிமம் கொடுக்க வேண்டாம். இதை நான் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம்."

பூச்சி பொட்டுக்குன்னு சொன்னாளே.

கையெழுத்து இருக்குதா? எப்படி இருக்குது? கோணலாவா? வலது கையில கட்டுப் பிரிச்சதுக்கு அப்பறம் அவளுக்கு வெரல் சரியா மடங்கறதில்ல. கோணலாத்தான் போடுவா. ரேசன் கடையிலகூட கேட்டாங்க, கையெழுத்து மாறியிருக்குதேன்னு. அவளுதுதான்.

அந்த ஏட்டுதான் சொல்லிக் குடுத்திருப்பான். ஆமா. பத்து நிமிசத்துல பொம்பள மனசைக் கலைச்சு... இல்லீங்க. நாந்தான்னு சொல்லிட்டு நடக்கறது ஏட்டுக்கு எப்படித் தெரியும்? அது ஊட்டுக்குள்ள இருக்கற எங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?

ஒரு வருசத்துக்கு மேல காதுல கேக்கறேன் தம்பி. தெனமும் கேக்கறேன். காப்பி கொண்டாந்து வெக்கறப்ப, சாமி கும்பிடப் போறப்ப, ராத்திரி எந்திரிக்கறப்ப. ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவை சொல்லுவா. ஆறு கேமரா வெச்சுப் பாக்கறவனுக்கு இது தெரியலயே. என்ற பொண்டாட்டி என்ற ஊட்டுல என்னைக் கண்டு பயந்துக்கிட்டு நடந்திருக்கா. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

நீங்க ஏன் தள்ளி உக்காந்தீங்க? தள்ளலயா? சரி, சரி. எனக்குத்தான் அப்படித் தோணுது.

இருங்க, போன் அடிக்குது. யாருன்னு தெரியல, எழுத்து மங்கலா இருக்குது, பாத்துச் சொல்லுங்க. ஊடா? குடுங்க.

அலோ.

ம். ம். நீதான்னு தெரியுது. சொல்லு. இல்ல, இன்னும் கூப்படல. சாப்பிட்டுக்கறேன். சொட்டு மருந்து போட்டுட்டேன். குரல் ஒண்ணுமில்ல, இங்க பேன் சத்தம். பூவாத்தா... ஒண்ணுமில்ல. கைவலி எப்படி இருக்குது? சும்மாதான் கேட்டேன். ஏன், கேக்கக் கூடாதா? சரி, வெய்யி. வந்தர்றேன்.

எடுத்ததும் அதேதானுங்க சொன்னா. போன்லயும். நானிருக்கறது முப்பது மைலுக்கு அக்கட்டால.

நாப்பத்தாறா? என்னையத்தான் கூப்படறாங்க. இல்ல தம்பி, நீங்க போங்க. போயி வெடிக்கடை சோலியைப் பாருங்க. மேரியம்மாகிட்ட நாப்பத்தாறு வரலைன்னு சொல்லிருங்க. கேட்டா, இனிமே வர மாட்டாருன்னு சொல்லிருங்க. இந்த மனுவையும் அப்படியே கிழிச்சு அந்தக் கூடையில போட்டுட்டுப் போங்க, எனக்குக் கை வர மாட்டேங்குது. அந்த நகலைக் குடுங்க. அது வேணும். இல்ல, அதையும் கிழிச்சிருங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லியிருக்காளல்ல.

எனக்கு ஒண்ணரை மணி பஸ்ஸு. எறங்கி அரை மைல் நடக்கோணும். மூணு மணிக்கு மேல அவ புறக்கடையில ஒண்டியா இருப்பா. திடுக்குனு போயி நின்னா பயந்துக்குவா. தோட்டத்துக் கேட்டுக்கிட்ட இருந்தே நான் சத்தம் குடுத்துக்கிட்டுப் போகோணும்.